சந்தைக்கு விடுமுறை விட்ட பெரியவர்

1932 ஆகஸ்ட். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கிறது சூ சிட்டி. ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலைகளில் மரக்கட்டைகள் குறுக்கே கிடக்கின்றன. பக்கத்தில் ஆணி அடித்த பலகைகள். சாலையோரப் பள்ளத்தில் வேலையாடையோடு நூற்றுக்கணக்கான விவசாயிகள் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். பால் கேன் ஏற்றிய லாரி வந்தால் எழுந்து வந்து நிறுத்துகிறார்கள். முதலில் பேச்சு. 'திரும்பிப் போ, நமக்காகத்தான் இது' என்று கெஞ்சல். ஓட்டுநர் முரண்டு பிடித்தால் கேன்களின் மூடி திறக்கும், பால் பள்ளத்தில் ஓடும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பாலை மட்டும் யாரும் தொடவில்லை.

கொட்டியவர்களும் மாடு கறந்து பிழைப்பவர்கள்தான். விடிகாலையில் எழுந்து கறந்த பாலைத் தெருவில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவுள்ள ஒரு குவார்ட் பாலுக்கு விவசாயியின் கைக்கு வந்தது 2 சென்ட். அதே பால் ஊருக்குள் 8 சென்ட்டுக்கு விற்றது. தீவனச் செலவுக்கே அந்த 2 சென்ட் காணாது.

இந்தப் போராட்டத்துக்கு அறைகூவல் விடுத்தவருக்கு அப்போது வயது 66. பெயர் மைலோ ரீனோ. அகன்ற விளிம்பு வைத்த பெரிய தொப்பி, சிவப்புக் கழுத்துப்பட்டை. மேடை ஏறினால் பாதிரியார் பிரசங்கம் போலப் பேச்சு கொட்டும். பிடில் வாசிக்கவும் தெரியும். அயோவாவின் வாப்பெல்லோ மாவட்டத்தில் 1866-இல் பிறந்தவர். இளமையில் மதபோதகர் ஆவதற்குப் படித்தார். தானியக் கிடங்கு முதலாளிகளையும் ரயில் கம்பெனிகளையும் வங்கிகளையும் எதிர்த்து அமெரிக்க விவசாயிகள் அலை அலையாகத் திரண்ட 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வளர்ந்தவர். வேத வசனமும் விலைவாசிக் கணக்கும் அவர் பேச்சில் ஒன்றாகக் கலந்து வந்ததற்கு இந்த வளர்ப்புதான் காரணம்.

1921 முதல் 1930 வரை அவர் அயோவா விவசாயிகள் சங்கத்தின் தலைவர். அந்தப் பத்தாண்டு முழுவதும் அவர் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கட்டுப்படியாகும் விலை. விதை, உழவு, வட்டி, வரி, உழைத்தவன் கூலி எல்லாவற்றையும் சேர்த்து, அதற்குக் குறையாத விலையைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அயோவா விவசாயியைக் காகிதமும் பென்சிலும் எடுத்து அந்தக் கணக்கைப் பார்க்க வைத்ததுதான் ரீனோ செய்த முதல் வேலை. அவருடைய மற்ற எல்லாச் செயல்களையும்விட இதையே பெரிதாக மதிக்கிறேன்.

அந்தக் கணக்கு சொன்னது என்ன? முதல் உலகப் போரின்போது 'உணவுதான் போரை வெல்லும்' என்று சொல்லி அரசே அதிகம் பயிரிடத் தூண்டியது. விலையும் ஏறியது. 1919-இல் ஒரு புஷெல் மக்காச்சோளம், அதாவது சுமார் 25 கிலோ, ஒன்றரை டாலர் வரை போனது. விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1920-இல் அயோவாவில் ஏக்கர் சராசரியாக 255 டாலர். போர் முடிந்தது, ஐரோப்பாவில் உழவு மீண்டும் தொடங்கியது, விலை சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. நியூயார்க் பங்குச் சந்தை 1929-இல்தான் கவிழ்ந்தது. அயோவாவின் கிராமங்களோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கவிழ்ந்துவிட்டன. 1932 கடைசியில் அதே புஷெல் சோளம் 10, 12 சென்ட். நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று குளிர்காலத்தில் அடுப்பில் சோளத்தைப் போட்டு எரித்தார்கள். ரீனோவின் சங்கம் போட்ட கணக்குப்படி அந்தச் சோளத்தை விளைவிக்க ஆன செலவு 92 சென்ட். 1933-இல் நிலத்தின் விலை ஏக்கர் 69 டாலருக்கு வந்துவிட்டது. 255-க்கு வாங்கியவன் 69-க்கு விற்றாலும் கடன் அடையாது.

சட்டம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். 1920-களில் விவசாய விலையைத் தூக்கி நிறுத்த நாடாளுமன்றம் இரண்டு முறை மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி கூலிட்ஜ் இரண்டு முறையும் அதைத் தன் அதிகாரத்தால் தடுத்தார். அதற்குப் பிறகுதான் ரீனோவின் பேச்சில் 'வேலைநிறுத்தம்' அழுத்தமாக ஒலிக்கத் தொடங்கியது. தொழிலாளி வேலையை நிறுத்தலாம். விவசாயி எதை நிறுத்துவது? சரக்கை.

1932 மே 3 அன்று அயோவா தலைநகர் டெமாயின் பொருட்காட்சி மைதானத்தில் சுமார் 2,000 விவசாயிகள் கூடினார்கள். 'விவசாயிகள் விடுமுறைச் சங்கம்' பிறந்தது. ரீனோ தலைவர். அந்த நாட்களில் ஊர் ஊராக வங்கிகள் 'விடுமுறை' அறிவித்துக் கதவை மூடிக்கொண்டிருந்தன. பணம் போட்டவன் வாசலில் நின்றான். வங்கிக்காரன் விடுமுறை எடுத்தால் சட்டம் ஒத்துக்கொள்கிறது, விவசாயி எடுத்தால் என்ன என்று கேட்டார் ரீனோ. வீட்டிலேயே இரு, எதையும் வாங்காதே, எதையும் விற்காதே. இதுதான் முழக்கம்.

ஆகஸ்ட் 8-இல் போராட்டம் தொடங்கியது. சாலை மறியல் ரீனோவின் திட்டத்தில் இல்லை. சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் அவர் நினைத்தது. ஆனால் சூ சிட்டிப் பகுதி விவசாயிகள், பத்துப் பேர் விற்காமல் இருக்கப் பதினோராவது ஆள் லாரியில் கொண்டுபோய் விற்றால் என்ன பயன் என்று தாங்களே சாலைக்கு வந்துவிட்டார்கள். அங்கே பாலுக்குப் பலன் உடனே கிடைத்தது. 100 பவுண்டு பாலுக்கு 1 டாலர் என்று இருந்த விலையை 1.80 ஆக உயர்த்தப் பால் கம்பெனி இறங்கி வந்தது. சில நாள் மறியலில் 80 சதவீத உயர்வு! இந்தச் செய்தி பரவியதும் ஒமாஹாவுக்கும் கவுன்சில் பிளஃப்ஸுக்கும் போகும் சாலைகளிலும் கட்டைகள் விழுந்தன.

கவுன்சில் பிளஃப்ஸில் மறியல்காரர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார் ஷெரீஃப். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரம் பேர் திரண்டு சிறையை நோக்கி வந்தார்கள். கைதானவர்களை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். செரோக்கி என்ற ஊருக்கு அருகே இரவில் மறியல்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 14 பேருக்குக் காயம். சாலை மறியல் சட்டவிரோதம் என்று சொன்னவர்களிடம், பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதும் சட்டவிரோதம்தானே என்று மறியலில் நின்ற வயதான விவசாயிகள் திருப்பிக் கேட்டார்கள். அமெரிக்கர்களுக்கு அந்தச் சம்பவம் நாட்டின் பிறப்புக் கதை. பதில் சொல்வது கடினம்.

செப்டம்பர் 1-இல் ரீனோ போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். ரத்தம் சிந்தும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்று, சோளமும் பன்றியும் பாலைப் போல அல்ல என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. பாலைச் சுற்றுவட்டாரம்தான் வாங்கும், அன்றே வாங்கும். பன்றி ரயிலில் ஏறி சிகாகோ போகும். நாலு மாவட்டத்தில் நிறுத்தினால் நாற்பது மாவட்டத்திலிருந்து வரும். விலை அசையவில்லை.

பத்து சென்ட்டுக்குப் பசு

குளிர்காலத்தில் போராட்டம் சாலையிலிருந்து களத்துமேட்டுக்கு மாறியது. கடன் கட்டாதவர்களின் மாடு, குதிரை, கலப்பை, டிராக்டர் எல்லாம் ஜப்திக்கு வந்தன. ஏலம் அந்தப் பண்ணையின் முற்றத்திலேயே நடக்கும். வருபவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம்தான் 'பென்னி ஏலம்'.

ஏலக்காரர் ஒரு கறவைப் பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "பத்து சென்ட்." அவ்வளவுதான். அடுத்த குரல் வராது. ஏலக்காரர் தொண்டை வறளக் கத்தினாலும் நூறு, இருநூறு பேர் கைகட்டி நிற்பார்கள். விவரம் தெரியாத வெளியூர் வியாபாரி யாராவது வாயைத் திறந்தால், கனமான ஒரு கை அவர் தோளில் விழும். அந்த விலையே அதிகம் இல்லையா என்று காதோரம் ஒரு கேள்வி வரும். சில பண்ணைகளில் தானியக் கொட்டகையின் உத்தரத்தில் சுருக்குக் கயிறு ஒன்று தொங்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கலப்பை ஐந்து சென்ட், குதிரை பத்து சென்ட் என்று எல்லாம் முடிந்ததும், வாங்கியவர்கள் அத்தனையையும் பழைய சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் 1931-இல் கணவரை இழந்த ஒரு பெண்ணின் பண்ணையில் நடந்த இப்படியொரு ஏலத்தில், கடன்காரருக்குக் கிடைத்த மொத்த வசூல் 5 டாலர் 35 சென்ட்.

பக்கத்து வீட்டுக்காரன் ஏலம் போனால் மலிவு விலையில் மாடு வாங்கலாம் என்ற ஆசை எந்த ஊரிலும் உண்டு. அந்த ஆசையை ஒரு மாநிலமே அடக்கிக்கொண்டு நின்றது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. பட்டினியில் இருந்தவர்கள் செய்தது அது.

நில ஏலம் இன்னும் கொடுமை. அதன் நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 33,000 டாலர் கடனுக்கு அடமானத்தில் இருக்கும் நிலத்தை இன்சூரன்ஸ் கம்பெனி 30,000-க்கு ஏலம் எடுத்தால், நிலமும் போகும், மிச்சம் 3,000 டாலர் கடனும் விவசாயியின் தலையில் நிற்கும். மாடு, சாமான் மீது அதற்கு மறுபடி ஜப்தி வரும். அந்தக் காலத்தில் அயோவாவின் நில அடமானங்களில் கணிசமான பங்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1933 ஜனவரி 4 அன்று லமார்ஸ் நகர நீதிமன்ற வாசலில் இப்படியொரு ஏலம். நியூயார்க் லைஃப் கம்பெனியின் வக்கீல் கடன் தொகைக்குக் குறைவாகக் கேட்டார். படிக்கட்டில் நின்ற நூற்றுக்கணக்கான விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முழுத் தொகைக்கு எடு, இல்லாவிட்டால் கயிறு என்றார்கள். முழுத் தொகைக்கு எடுக்க அனுமதி வேண்டும், தன் உயிர் அதில்தான் இருக்கிறது என்று வக்கீல் நியூயார்க் தலைமையகத்துக்குத் தந்தி அடித்தார். அனுமதி வந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் அயோவாவில் ஜப்தியை நிறுத்திவைத்தன. புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் கிளைட் ஹெரிங் அதற்கு வேண்டுகோள் விடுத்திருந்தார். பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் அடமானக் கடன் ஜப்திகளை 1935 மார்ச் வரை தள்ளிவைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவும் அதேபோல் சட்டம் போட்டது. ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1934 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கடன்பட்டவர்கள் பக்கம் தீர்ப்பானது. அமெரிக்க அரசியல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். களத்துமேட்டில் கைகட்டி நின்றவர்கள் இல்லாமல் அந்தச் சட்டமும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

லமார்ஸ் நீதிபதி

இதே லமார்ஸில்தான் இயக்கத்தின் மிக மோசமான நாளும் வந்தது. 1933 ஏப்ரல் 27. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் நீதிபதி சார்லஸ் பிராட்லியின் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள். தொப்பியைக் கழற்றுங்கள், புகைக்காதீர்கள் என்றார் நீதிபதி. இனிமேல் ஜப்தி உத்தரவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சத்தியம் செய் என்றது கூட்டம். அவர் மறுத்தார். இருக்கையிலிருந்து இழுத்துக் கண்ணைக் கட்டி, லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். வண்டிச் சக்கரத்தின் கிரீஸ் மூடியைத் தலையில் கவிழ்த்தார்கள், காற்சட்டையை உருவினார்கள். அப்போதும் அவர் சத்தியம் செய்யவில்லை. நியாயமாக நடப்பேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில் சாலையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆளுநர் அந்த மாவட்டத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். படை வந்து பண்ணை பண்ணையாகத் தேடி ஆட்களைப் பிடித்தது. தன் சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் ரீனோ. கட்டளை அவருடையது அல்ல என்பது உண்மை. ஆனால் சுருக்குக் கயிறு உத்தரத்தில் தொங்கியபோது அது வெறும் பயமுறுத்தல் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். தொங்கும் கயிறு ஒருநாள் யார் கழுத்திலாவது விழும் என்று ஒரு தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாளில் கண்ணியமாக நடந்துகொண்டவர் நீதிபதி மட்டுமே. பத்திரிகைகள் அதுவரை விவசாயிகளுக்குக் காட்டிய பரிவு ஒரே வாரத்தில் வற்றியது.

இத்தனைக்கும் அதே ஏப்ரலில்தான் ரீனோவின் கோரிக்கை வெற்றிக்கு மிக அருகில் போயிருந்தது. புதிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டுவந்த விவசாய மசோதாவில் கட்டுப்படியாகும் விலைக்கான திருத்தத்தை செனட் 47-க்கு 41 என்று நிறைவேற்றியது. ரூஸ்வெல்ட் நிர்வாகம் அதை விரும்பவில்லை. இறுதி மசோதாவில் அந்தத் திருத்தம் இல்லை. மே 12 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மறுநாள் தொடங்கவிருந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தை, புதிய அரசுக்கு அவகாசம் கொடுப்போம் என்று ரீனோ கைவிட்டார்.

விவசாய அமைச்சர் ஹென்றி வாலஸும் அயோவாக்காரர்தான். விவசாயப் பத்திரிகை நடத்திய குடும்பம், வீரிய ஒட்டுச் சோள விதையில் முன்னோடி. அவர் பார்வையில் பிரச்சினை மிகை உற்பத்தி. விளைச்சலைக் குறைத்தால் விலை தானாக ஏறும், குறைப்பவருக்கு அரசு பணம் கொடுக்கும் என்றார். அந்தக் கோடையில் நின்ற பருத்தியை உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளையும் சினைப் பன்றிகளையும் அரசு வாங்கிக் கொன்றது. நகரத்தில் ரொட்டிக்கு வரிசை நிற்கும்போது குட்டிகளைக் கொல்வதா என்று கொதித்தார் ரீனோ. மிகை உற்பத்தி என்று ஒன்று இல்லை, வாங்கக் காசில்லாத வயிறுகள்தான் இருக்கின்றன என்பது அவர் வாதம். பொருளாதார நிபுணர்கள் பலர் வாலஸ் பக்கம். உலகச் சந்தை சுருங்கிவிட்ட நிலையில் விலையை மட்டும் சட்டத்தால் நிர்ணயித்தால் விற்காத சரக்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு ரீனோவிடம் முழுமையான பதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அவருடைய கேள்வி அதனால் சிறியதாகிவிடவில்லை.

அக்டோபரில் ரீனோ மறுபடியும் வேலைநிறுத்தம் அறிவித்தார். ஐந்து மாநில ஆளுநர்கள் டெமாயினில் கூடி, விலை நிர்ணயக் கோரிக்கையோடு வாஷிங்டன் போனார்கள். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். அதற்குள் இன்னொரு அறிவிப்பு வந்திருந்தது. சோளத்தைப் பண்ணையிலேயே பூட்டி வைப்பவருக்குப் புஷெலுக்கு 45 சென்ட் அரசுக் கடன். விலை ஏறினால் விற்று அடைக்கலாம். ஏறாவிட்டால் சோளத்தை அரசு எடுத்துக்கொள்ளும், வேறு பாக்கி கிடையாது. ரீனோ கேட்டது 92. ஆனால் போன குளிர்காலத்தில் 10 சென்ட் பார்த்தவனுக்கு, கிறிஸ்துமஸுக்கு முன் கையில் வரும் 45 சென்ட் பெரிய காசு. சாலையில் நிற்க ஆளில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ரீனோ கசந்துபோனார். ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்கள் எல்லோரையும் கூட்டாளிகளாகச் சேர்த்தார். வானொலிப் பாதிரியார் காஃப்லினோடு கைகோத்தார். பின்னாளில் யூத வெறுப்பை வெளிப்படையாகப் பரப்பியவர் அவர். 1935 ஏப்ரலில் லூசியானா செனட்டர் ஹூயி லாங்கை ரீனோ டெமாயின் மேடைக்கு அழைத்து வந்தார். கூட்டம் வந்தது, இயக்கம் திரும்பி வரவில்லை. 1936 மே 5 அன்று மிசௌரி மாநிலத்தின் எக்ஸெல்சியர் ஸ்பிரிங்ஸில் ரீனோ காலமானார். வயது 70. அடுத்த ஆண்டு விடுமுறைச் சங்கம் பழைய விவசாயிகள் சங்கத்தோடு இணைந்து மறைந்தது.

அவர் கேட்ட விலை மட்டும் மறையவில்லை. 1977-இல் கொலராடோவின் சமவெளிகளில் தொடங்கிய அமெரிக்க விவசாய இயக்கம் அதே கோரிக்கையை வேறு பெயரில் எழுப்பியது. முதல் உலகப் போருக்கு முன் ஒரு புஷெல் கோதுமை விற்றால் என்னென்ன வாங்க முடிந்ததோ, இன்றும் அதே வாங்கும் சக்தி வேண்டும் என்றது. 1979 பிப்ரவரியில் நாட்டின் பல மூலைகளிலிருந்து டிராக்டர்கள் நாட்கணக்கில் ஊர்ந்து வாஷிங்டன் வந்தன. போலீஸ் பேருந்துகளையும் லாரிகளையும் சுற்றி நிறுத்தி, நாடாளுமன்றத்தின் எதிரேயுள்ள பெரிய மைதானத்துக்குள் அவற்றை அடைத்தது. போக்குவரத்தைக் கெடுத்தவர்கள் என்று நகரமே அவர்களைத் திட்டியது. அந்த மாத நடுவில் பனிப்புயல் அடித்து நகரம் முடங்கியபோது, டாக்டர்களையும் நர்ஸுகளையும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுசேர்த்தவை அந்த டிராக்டர்கள்தான். திட்டியவர்களே நன்றி சொன்னார்கள். விலைச் சட்டம் வரவில்லை.

1980-களில் வட்டி ஏறி, நில விலை சரிந்து, 1920-களின் கதை அப்படியே திரும்பியது. அயோவாவிலும் மிசௌரியிலும் மறுபடி நீதிமன்ற வாசலில் ஏலங்கள், மறுபடி தடுக்கத் திரண்ட கூட்டங்கள். பறிபோன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை என்று நீதிமன்றப் புல்வெளிகளில் நட்டார்கள். 1985 செப்டம்பரில் பாடகர் வில்லி நெல்சன் இல்லினாயில் விவசாயிகளுக்காக நிதி திரட்டும் இசைவிழா நடத்தினார். 1986-இல், விவசாயி நிலத்தை இழக்காமல் கடனைத் தவணையாக அடைக்க வழி செய்யும் தனி அத்தியாயம் திவால் சட்டத்தில் சேர்ந்தது. முதலில் தற்காலிகமாக வந்த அது, 2005-இல் நிரந்தரமானது. நிலத்தைக் காக்க 1933-இல் தொடங்கிய சட்டப் போராட்டம் இப்படி ஒரு கரை சேர்ந்தது.

1935-இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். அயோவா விவசாயி இன்று சோளத்தை லாரியில் ஏற்றித் தானியக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனால், சிகாகோ சந்தையின் அன்றைய விலையை அடிப்படையாக வைத்து, பெரும்பாலும் அதிலிருந்து சில சென்ட் கழித்து அவருக்குச் சொல்கிறார்கள். ரீனோ போடச் சொன்ன செலவுக் கணக்கு அந்த எடைச்சீட்டில் எங்கும் இல்லை.